அது பக்கத்து மனைச் சத்தம் இல்லை

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை பகலில், என் மகள் யாழினி பக்கத்தில் நிற்கும்போதே நான் ஒரு பொய் சொன்னேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் தயாராக இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பிள்ளைகளே, வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு 'அதைச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள்' என்று எழுதுகிறவன் நான். பத்தாவது வரைக்கும் படித்தவன். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். உங்களில் பாதிப் பேர் எனக்குக் கடிதம் எழுதும்போது 'வேன் அங்கிள்' என்றுதான் ஆரம்பிக்கிறீர்கள். இந்த வாரம் உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது கரையான்சாவடியில். மாடி வீட்டில் நான், மனைவி கலா, யாழினி. கீழ் வீட்டில் அந்தோணி அண்ணன், ஸ்டெல்லா அக்கா, அவர்கள் மகள் ஷைனி. யாழினியும் ஷைனியும் ஏழாம் வகுப்பு. ஒரே ஸ்கூல், ஒரே பெஞ்ச், பெரும்பாலும் ஒரே டிபன் பாக்ஸ்.

எங்கள் வீட்டில் ஒரு வாஷிங் மெஷின் இருக்கிறது. முன்பக்கம் வட்டக் கதவு வைத்தது. ஐயப்பன்தாங்கலில் ஒரு அபார்ட்மெண்டில் இருந்த ஐ.டி. குடும்பம் ஊர் மாறிப் போனபோது எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பையன் என் வேனில் வந்தவன்.

மெஷின் நன்றாகத்தான் துவைக்கும். கடைசியில் துணியைப் பிழிவதற்காகப் படுவேகமாகச் சுற்றும் பாருங்கள் — ஸ்பின் — அங்கேதான் வந்தது தொல்லை. இரண்டு மாதமாகவே ஒரு ஆட்டம். முதலில் லேசாக. அப்புறம் டொம்... டொம்... டொம்மென்று. கடைசியில் சுவரை விட்டு நகர்ந்து சமையலறைப் பக்கம் நடக்கவே ஆரம்பித்துவிட்டது.

"உங்க மெஷின் வாக்கிங் கிளம்பிடுச்சு. போய்ப் பிடிங்க" என்பாள் கலா.

நான் என்ன செய்தேன்? பழைய சைக்கிள் டியூபை வெட்டி நாலு காலுக்கும் அடியில் வைத்தேன். நிற்கவில்லை. கயிற்றால் ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். ஜன்னலும் சேர்ந்து ஆடியது. இருபத்தாறு கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி மேலே வைத்தேன். அதுவும் போதாமல், லீவு நாளில் யாழினியையே மேலே ஏற்றி உட்கார வைத்தேன். அவள் அங்கே உட்கார்ந்து "ஆ..." என்று இழுப்பாள். குரல் வெடவெடவென்று வரும். அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். (நீங்கள் யாரும் இதைச் செய்யாதீர்கள். எவ்வளவு ஆபத்து என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.)

ஒரு பொருள் சத்தம் போட்டால், அதை அமுக்கத்தான் நமக்குத் தோன்றுகிறது. திறந்து பார்க்கத் தோன்றுவதில்லை. ஏனோ தெரியவில்லை!

வீட்டு ஓனர் காலை பத்து மணிக்கு ஒரே ஒரு தடவைதான் மோட்டார் போடுவார். டேங்க் நிரம்பி, மெஷினில் துணி போட்டு, அது ஸ்பின்னுக்கு வரும்போது பதினொன்று, பதினொன்றரை ஆகிவிடும்.

அந்த நேரத்தில்தான் கீழே அந்தோணி அண்ணன் தூங்குவார்.

அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் நைட் ஷிப்ட். பிரஸ் ஆபரேட்டர். பதினெட்டு வருஷமாக அதே வேலை. காலை ஆறரைக்கு வீட்டுக்கு வருவார். ஷைனியை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு ஒன்பது மணிக்குப் படுப்பார். மூன்று மணி வரைக்கும்தான் அவருக்கு ராத்திரி.

இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மெஷின் அப்போதுதான் ஆடி ஓய்ந்திருந்தது. கதவைத் தட்டினார் ஸ்டெல்லா அக்கா.

"தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியே?"

"சொல்லுங்கக்கா."

"பதினோரு மணி ஆனா செவுரு அதிருதுப்பா. கட்டில் ஆடுது. அவரு ஏந்து ஒக்காந்துகினு கீறாரு. பகல்ல தூங்கினாத்தானே ராத்திரி மெஷினாண்ட நிக்க முடியும்? அது... உங்க வாஷிங் மெஷினா?"

'ஆமாக்கா, எங்க மெஷின்தான். சரி பண்ணிடறேன்.' இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. ஒரு மூச்சு கூடப் பிடிக்காது.

நான் சொன்னது வேறு. "இல்லக்கா, பக்கத்து மனைல வீடு கட்டறாங்க இல்ல... காங்கிரீட்டுக்கு வைப்ரேட்டர் ஓட்டறாங்க. அந்த அதிர்வுதான். எங்க வீட்லயும் பாத்திரம்லாம் ஆடுது."

அக்கா முகம் மாறியது. கோபமில்லை. சங்கடப்பட்டுப் போனார். "அப்டியா! நான் உங்க மெஷினுன்னு நெனைச்சுட்டேன்பா. மனசுல வெச்சுக்காத" என்றார்.

தப்புச் செய்தவன் நான். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனது அவர்.

திரும்பினேன். யாழினி மெஷின் மேலிருந்து இறங்கி வந்து எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பொய் அதோடு முடிந்திருந்தால் கூடப் பரவாயில்லை. முடியவில்லையே!

அன்று சாயங்காலம் வேலைக்குக் கிளம்பிய அந்தோணி அண்ணன், பைக்கைப் பக்கத்து மனை வாசலில் நிறுத்தினார். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அதிர்ந்து பேசாத மனிதர் அவர். அன்றைக்கு அவர் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"இன்னா மேஸ்திரி, இந்தத் தெருவுல நீங்க மட்டும்தான் கீறீங்களா? பகல்ல தூங்கறவன்லாம் மனுசன் இல்லியா? நெஞ்சுல கொஞ்சமாச்சும் ஈரம் வேணாம்?"

மேஸ்திரி ஐம்பது வயது இருக்கும். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பதிலுக்குக் குரல் உயர்த்தவில்லை. "சரிண்ணே. நாளைலேர்ந்து எந்த மெஷினா இருந்தாலும் மூணு மணிக்கு மேலதான் போடுவோம். நீங்க போய்ட்டு வாங்க" என்றார்.

நான் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

மேஸ்திரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். திங்கட்கிழமையிலிருந்து, பகல் முழுக்க அந்த மனையில் ஒரு மெஷின் சத்தம் கிடையாது. கம்பி கட்டுகிற ஆட்கள் கூட மெதுவாகப் பேசினார்கள். தெருவே அமைதியாக இருந்தது.

அந்த அமைதியில், பதினொன்றரைக்கு — டொம்... டொம்... டொம்...

செவ்வாய்க்கிழமை படிக்கட்டு வழியாக எட்டிப் பார்த்தேன். கீழ்ப்படியில் ஸ்டெல்லா அக்கா நின்றுகொண்டிருந்தார். தலையைத் தூக்கி எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார். ஏறி வருவார், நாலு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். வரவில்லை. மெல்ல உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் காலை நான் வேன் எடுக்கும்போது "கெளம்பிட்டியா தம்பி" என்று தினமும் கேட்கிற கேள்வி வரவில்லை.

புரிந்துவிட்டது அவருக்கு. எனக்கும் அது புரிந்தது.

அன்று வேனை விட்டுவிட்டு வந்து, மெஷினின் கதவைத் திறந்து, முதல் தடவையாக உள்ளே கை வைத்து டிரம்மை ஓர் அமுக்கு அமுக்கி விட்டேன். வேன் டிரைவர்கள் இதைச் செய்வோம். பம்பரின் ஒரு மூலையை அமுக்கி விட்டால், வண்டி ஒரு தடவை எழும்பி அப்படியே நிற்க வேண்டும். தொங்கு தொங்கென்று ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று அர்த்தம்.

டிரம் நாலு தடவை ஆடியது.

பதினாறு வருஷமாக வேனில் செய்கிற சோதனை. வீட்டில் இருக்கிற மெஷினில் செய்ய ஒரு நிமிஷம் ஆகியிருக்காது!

அதற்கப்புறமாவது ஒழுங்காகச் செய்தேனா? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! மெஷினைச் சாய்த்துப் பார்த்தேன். டிரம்முக்கும் அடித்தட்டுக்கும் நடுவில், சின்ன சைக்கிள் பம்ப் மாதிரி இரண்டு. ஷாக் அப்சார்பர் என்றால் உள்ளே ஆயில் இருக்கும், ஆயில் குறைந்திருக்கும், விட்டால் சரியாகிவிடும் — வேன் மூளை வேலை செய்தது. ஊசி போடுகிற சிரிஞ்சில் ஆயிலை ஏற்றி, இரண்டுக்கும் விட்டேன்.

மறுநாள் மெஷின் எப்படி ஆடியது என்கிறீர்கள்! கட்டியிருந்த கயிறு அறுந்தது. அரிசி மூட்டை சரிந்து தரையெல்லாம் அரிசி. ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே கலா சொன்னாள்: "தெரிஞ்சவங்களைக் கேளுங்க. இல்லன்னா கீழ போய் உண்மையைச் சொல்லுங்க. ரெண்டும் மாட்டேன்னா எப்படி?"

"ஞாயித்துக்கிழமை பார்க்கறேன்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. போயே போய்விட்டது.

அடுத்த வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம். யாழினி ஸ்கூல் பையை முதுகிலிருந்து இறக்காமலே என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, நேத்து நைட் அந்தோணி பெரியப்பா கை மெஷின்ல போகப் பார்த்துச்சாம்."

பிரஸ் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். இரும்புத் தகட்டைக் கையால் எடுத்து மெஷினுக்குள் வைக்க வேண்டும். கையை வெளியே எடுக்க வேண்டும். காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலிருந்து கனமான இரும்பு அச்சு 'டங்'கென்று இறங்கித் தகட்டை வெட்டும். மறுபடி தகடு, மறுபடி கை, மறுபடி கால். ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான தடவை. கை வெளியே வந்தபிறகுதான் கால் மிதிக்க வேண்டும். இந்த வரிசை ஒரே ஒரு தடவை மாறினால்...

"கண்ணு சொக்கிடுச்சாம்ப்பா. கையை எடுக்கறதுக்குள்ள கால் மிதிச்சுடுச்சாம். பக்கத்து மெஷின் அங்கிள் கத்தினதுல கையை இழுத்துட்டாரு. கிளவுஸ் நுனி மட்டும் மாட்டி நசுங்கிடுச்சு."

"விரல்?"

"விரலுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பிரஸ்லேர்ந்து எடுத்துட்டாங்க. பேக்கிங்ல விட்டிருக்காங்க. ஒரு வாரம் நல்லாத் தூங்கி, தெளிவா வந்தா பார்க்கலாம், இல்லன்னா பேக்கிங்லயே இருந்துக்கோன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாராம்."

பதினெட்டு வருஷம் பிரஸ் ஓட்டிய கை, அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறது.

யாழினியே தொடர்ந்தாள்.

"அப்பா, தினம் காலைல ஷைனி கேட்ல நின்னு பெரியப்பா விரலை எண்ணுவா. நீ பார்த்திருக்கியா?"

பார்த்திருக்கிறேன். நான் வேன் எடுக்கிற நேரமும் அவர் வந்து இறங்குகிற நேரமும் ஒன்று. இரண்டு கையையும் விரித்து நீட்டுவார். அந்தப் பெண் ஒவ்வொரு விரலாகத் தொட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். ஏழாவது படிக்கிற பெண்ணோடு இன்னும் குழந்தை விளையாட்டு விளையாடுகிறாரே என்று எனக்குள் சிரித்துக்கொண்டது கூட உண்டு.

"அது விளையாட்டு இல்லப்பா. பெரியப்பா கூட வேலை செய்யற மூணு பேருக்கு விரல் இல்லையாம். அதுலேர்ந்து அவ எண்ணிட்டுத்தான் ஸ்கூலுக்கே வருவா. இன்னிக்கு ரெண்டு தடவை எண்ணினாளாம்."

அப்போதுதான் பையை முதுகிலிருந்து இறக்கினாள். அப்புறம் கேட்டாள்.

"நீ பொய் சொன்னதை நான் ஷைனிகிட்ட சொல்லலைப்பா. சொல்லணுமா?"

இரண்டு வாரமாக ஒரே பெஞ்சில், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் பொய்யை என் மகள் சுமந்திருக்கிறாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது.

"வேணாம்மா. அது நான் சொல்ல வேண்டியது" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. காலையிலேயே மெஷினின் பிளக்கைப் பிடுங்கினேன். குழாயை மூடினேன். முன்பக்கம் அடியில் இருக்கிற ஃபில்டரைத் திறந்து, தேங்கியிருந்த தண்ணீரைத் தட்டில் பிடித்துக் கொட்டினேன். தரையில் பழைய போர்வையை விரித்து, நானும் கலாவுமாக மெஷினை மல்லாக்கச் சாய்த்தோம். கலா டார்ச் பிடித்தாள். "இந்தத் தடவை ஆயில் பாட்டில் பக்கத்துல இல்லல்ல?" என்று கேட்டுக்கொண்டாள். ஒவ்வொரு ஷாக் அப்சார்பரையும் மேலும் கீழும் ஒரு பிளாஸ்டிக் பின் பிடித்திருக்கிறது. பின்னின் நாக்கைக் குறட்டால் அமுக்கிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். இரண்டையும் கழற்றி ஒரு துணிப் பையில் போட்டுக்கொண்டு, மெயின் ரோட்டில் இருக்கும் ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டி இழுத்தார். சர்ரென்று வந்தது. சர்ரென்று உள்ளே போனது. கையெல்லாம் ஆயில்.

"இன்னா அண்ணாத்தே இது? ஆயில் வுட்டியா?"

"வேனுக்கு விடுவோம்... அதான்..."

"இது இன்னா வேனா நைனா? இதுக்குள்ள ஃபோம் கீது. அது இறுக்கிப் புட்ச்சு உரசினாத்தான் டிரம் நிக்கும். நீ ஆயிலை வுட்டு சறுக்குமரம் ஆக்கி வெச்சுகிற." கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எத்தினி நாளா ஆடுது?"

"ரெண்டு மாசமா."

"மாடி ஊடா?"

"ஆமா."

"கீய ஆளு கீதா?"

"இருக்காங்க."

"சண்டைக்கு வர்ல?"

"வரலை."

"நல்ல மன்சங்க" என்று சொல்லிவிட்டு, அதே மாடல் ஜோடியைத் தேட உள்ளே போனார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் பக்கத்தில் தொங்கிய குழாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்ணு மாத்தினா போதாதா?" என்று கேட்டதற்கு, "ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல ஷூ போட்டுக்கினு நடப்பியா?" என்றார். புதுசில் ஒன்றைக் கையில் கொடுத்து, "இழுத்துப் பாரு" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். அப்போதுதான் கொஞ்சம் அசைந்தது. இந்த இறுக்கம்தான் டிரம்மைப் பிடித்து நிறுத்துகிறது.

வீட்டுக்கு வந்து இரண்டையும் பொருத்தினேன். நாலு பின்னும் 'டிக்' என்று சத்தம் வரும்வரை தள்ளினேன். மெஷினை நிமிர்த்தினோம். கயிறு, டியூப் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். மேலே ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்து, தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பார்த்து, நாலு காலையும் திருகி மட்டம் பண்ணினேன்.

(மறுபடியும் சொல்கிறேன். இது பெரியவர்கள் வேலை. மெஷின் ரொம்பக் கனம். கரண்ட் வேறு. நீங்கள் டார்ச் வேண்டுமானால் பிடிக்கலாம்.)

மணி பன்னிரண்டு. கீழே அந்தோணி அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். பெட்ஷீட்டுகளைப் போட்டு ஆன் பண்ணினேன். ஸ்பின் வரும் நேரம், பழக்க தோஷத்தில் கலா இரண்டு கையையும் மெஷின் மேல் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"கையை எடு."

"எடுத்தா ஓடிடாதே?"

"எடு கலா."

எடுத்தாள். உள்ளே காற்று சுழல்கிற மாதிரி ஒரு சத்தம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. மெஷின் நின்ற இடத்தில் நின்றது. டம்ளர் தண்ணீரில் சின்னச் சின்ன வளையம். ஒரு சொட்டு கூட வெளியே சிந்தவில்லை.

நான் கீழே ஓடினேன். வாசலில் ஸ்டெல்லா அக்கா. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். உள்ளேயிருந்து குறட்டை கேட்டது.

"அக்கா... அன்னிக்கு நான்..." என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"தெரியும் தம்பி" என்றார், அதைவிட மெல்ல. "எனக்குச் சொல்ல வேணாம். அவராண்ட நான் ஒண்ணும் சொல்லல. அவரு இன்னும் பக்கத்து மனைச் சத்தம்னுதான் நெனைச்சுகினு கீறாரு. அவரு ஏந்ததும் நீயே சொல்லு."

மூன்று மணிக்கு எழுந்திருக்கிறவர் அன்று நாலு மணிக்கு எழுந்தார். நேராக மாடிக்கு வந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம் அப்படியே இருந்தது.

"இன்னா தம்பி, மேல சத்தமே இல்லியே, இன்னிக்குத் துணி துவைக்கலியா? டேங்க்ல தண்ணி இல்லியா? எங்க ஊட்ல நாலு குடம் புட்ச்சு வெச்சுகிறோம், வந்து எடுத்துக்க."

நான் கொடியைக் காட்டினேன். பெட்ஷீட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

"துவைச்சாச்சுண்ணே. பன்னெண்டு மணிக்கே."

அவர் பெட்ஷீட்டைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். யாழினி அறை வாசலில் வந்து நின்றாள். இதற்குமேல் தள்ளிப்போட இடமில்லை.

"அண்ணே, பக்கத்து மனைல எதுவும் ஓடலை. உங்க கட்டில் ஆடினது எங்க மெஷினாலதான். அக்கா வந்து கேட்டப்போ நான் பொய் சொல்லிட்டேன். உங்க கை... நீங்க பேக்கிங்குக்குப் போனது... எல்லாத்துக்கும் நான்தாண்ணே காரணம்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கொடியில் கிடந்த பெட்ஷீட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப அந்த மேஸ்திரி?"

நான் பக்கத்து மனைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தாள நான் நடுரோட்ல வெச்சு கண்டபடி பேசிட்டேனேப்பா" என்றார். விறுவிறுவென்று கீழே போனார். சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டில் நின்று மேலே பார்த்தார். "வா."

போனேன்.

மேஸ்திரி தூண்களுக்குச் சாக்குச் சுற்றித் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குழாயை நிறுத்தினார். 'இன்னிக்கு என்ன புகார்' என்று நினைத்திருப்பார் போல. தலைத்துண்டு மறுபடி கைக்கு வந்துவிட்டது.

"மேஸ்திரி, அன்னிக்கு நான் பேசினது தப்பு" என்றார் அந்தோணி அண்ணன். "அது உங்க மெஷின் இல்ல."

யாருடையது என்று அவர் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். காத்திருந்தார்.

"என்னோடதுங்க" என்றேன். "நான்தான் உங்க மேல பழியைப் போட்டேன்."

மேஸ்திரி என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "நானும் யோசிச்சேங்க. அன்னிக்கு நாங்க வைப்ரேட்டரே எடுத்துட்டு வரலை. கம்பி வேலைதான் நடந்துச்சு."

"அதை அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்றார் அந்தோணி அண்ணன்.

"நீங்க தூங்கலைன்னு சொன்னீங்க. கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. அந்தக் கண்ணோட நின்னு நியாயமாண்ணே பேசறது? சரி, நம்ம பங்குக்குக் கொஞ்சம் சத்தத்தைக் கொறைப்போம்னு விட்டுட்டேன்."

அந்தோணி அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே நீங்க எப்ப வேணா மெஷின் போட்டுக்கங்க. எனக்காவ நிறுத்த வேணாம்."

மேஸ்திரி தலையை ஆட்டினார். "வேணாம்ணே. மூணு மணிக்கு மேலயே போட்டுக்கறோம். எங்க ஆளுங்களும் மதியம் சாப்ட்டுட்டுக் கொஞ்சம் சாயறானுங்க. அதுவும் நல்லாத்தான் இருக்கு."

யோசித்துப் பார்க்கிறேன். அந்தோணி அண்ணன் வீட்டுக் கூரைக்கு மேலேயே குடியிருப்பவன் நான். அவர் பெயர், ஷிப்ட், தூங்குகிற நேரம் எல்லாம் தெரிந்தவன். மேஸ்திரிக்கு எதுவுமே தெரியாது. வீடு கட்டி முடித்தால் வேறு ஊருக்குப் போய்விடுகிற ஆள். அவர்தான் இரண்டு வாரமாக இவர் தூக்கத்துக்காகத் தன் வேலையை நிறுத்தி வைத்திருந்தார்.

திரும்பி வரும்போது அந்தோணி அண்ணன் என்னோடு பேசவில்லை. இதை எழுதுகிற இன்று வரைக்கும், கேட்டதற்குப் பதில் சொல்கிறார், அவ்வளவுதான். எப்போது பழையபடி பேசுவது என்பது அவர் விருப்பம். நான் அவசரப்படுத்த முடியாது.

மெஷின் நடப்பதில்லை. இந்தப் புதன்கிழமை அவரை மறுபடி பிரஸ்ஸில் நிறுத்திவிட்டார்களாம். ஸ்டெல்லா அக்கா கலாவிடம் சொன்னார். நேற்றுக் காலை நான் வேன் எடுக்கும்போது, "கெளம்பிட்டியா தம்பி" என்று கேட்டார்.

புத்தி சொல்ல மாட்டேன் என்று ஆரம்பத்தில் சொன்னேன். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே. மன்னிப்புக் கேட்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். யாரையாவது கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

தனியாகப் போனால், போகிற வழியிலேயே இன்னொரு பொய் கிடைத்துவிடும்.